அளவுகோல் 0-வில் தொடங்காதபோது

ஒரு பென்சிலை அளவுகோலின் மேல் வைக்கிறோம். அடி 0-வில் இருக்கிறது, நுனி 8-ல் நிற்கிறது. நீளம் கேட்டால் எல்லோரும் 8 சென்டிமீட்டர் என்பார்கள். அதே பென்சிலைச் சற்று நகர்த்தி, அடி 2-லும் நுனி 10-லும் இருக்கும்படி வைத்துக் கேட்டால் பலர் 10 என்கிறார்கள். 'பிரதம்' அமைப்பின் 2023-ஆம் ஆண்டு ஏசர் ஆய்வில் இப்படி ஒரு கேள்வி இருந்தது. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளைஞர்களிடம் நடந்த ஆய்வு அது. பொருள் 0-வில் தொடங்கியபோது சுமார் 85 சதவீதம் பேர் சரியாக அளந்தார்கள். தொடக்கத்தை நகர்த்தியதும் அது 39 சதவீதமாகச் சரிந்தது. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43 சதவீதம்தான்.

பெங்களூரில் இருந்துகொண்டு இந்த எண்களைப் படிக்கும்போது கவலை கூடுகிறது. 1940-ல் எச்ஏஎல், 1953-ல் ஜாலஹள்ளியில் எச்எம்டி, 1954-ல் பிஇஎல் என்று தொடங்கி, பீன்யா தொழிற்பேட்டையின் தெருத்தெருவான சிறு பட்டறைகள் வரை, கணினி வருவதற்கு முன்பே இந்த ஊரை வளர்த்தவை அளந்து வேலை செய்யும் கைகள். அந்தக் கைகளைத் தயார் செய்யும் இடம் ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையம். 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம்தான் இன்றும் அதன் அடித்தளம். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர், பிளம்பர் போன்ற சிலவற்றுக்கு எட்டாம் வகுப்பு போதும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வருகிறவர்களும் இந்தப் படிப்பில் சேர்கிறார்கள். அவர்களில் பலரும் சேரும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: "சார், எனக்குக் கணக்கு மட்டும் வராது."

தம்பி, தங்கச்சி, ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிற அளவுக்கு உங்கள் கணக்கு மோசமில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். விட்டுப்போன கணக்கைப் பிடிக்க ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டாம். கையில் இருக்கும் கருவி எந்தக் கணக்கைக் கேட்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் கை செய்ததை அன்றன்றே தாளில் எழுதிவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

சந்தைக் கணக்கும் தாள் கணக்கும்

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் சோளமும் விற்கும் சிறுவர்களை வைத்து மூன்று ஆய்வாளர்கள் 1985-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சிறுவர்கள் சரியான விடை சொன்னார்கள். அதே எண்களைப் பள்ளிப் பாணியில் வெறும் பெருக்கல், கழித்தலாகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனத்திலேயே முடிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கணக்கு வராது என்று முத்திரை குத்தப்பட்டவருக்குள்ளும் கணக்கு இருக்கலாம். அதேசமயம், கையில் இருக்கும் கணக்கு தானாகத் தாளுக்கு வந்து சேராது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்துவைக்க வேண்டும். ஐடிஐ தேர்வும் தாளில்தான் நடக்கிறது. கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்கான புரோகிராமையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். கைத்திறமை மட்டும் உள்ளவர் ஆபரேட்டராகவே நின்றுவிடுவதும், எழுதிக் கணக்கிடத் தெரிந்தவர் செட்டர், சூப்பர்வைசர் என்று நகர்வதும் இதனால்தான்.

வெர்னியர் கற்றுத்தரும் தசமம்

முதல் கருவி அளவுகோலே. நீளம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம்: 10-லிருந்து 2 போக 8. முனை தேய்ந்துபோன ஸ்டீல் ரூலை வைத்து அளக்கும் பழைய ஃபிட்டர்கள் 0-வை விட்டுவிட்டு 10 மில்லிமீட்டர் கோட்டிலிருந்தே அளப்பார்கள், பிறகு 10-ஐக் கழித்துக்கொள்வார்கள். அந்த 39 சதவீதக் கேள்விக்கான பதில் அவர்களுடைய அன்றாடப் பழக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்தது வெர்னியர் காலிப்பர். பிரெஞ்சுக்காரர் பியர் வெர்னியர் 1631-ல் விளக்கிய முறை இது. முதன்மை அளவில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 1 மி.மீ. நகரும் அளவில் 49 மி.மீ. நீளத்தை 50 சம பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆக ஒரு பாகம் 49-ஐ 50-ஆல் வகுத்தது, அதாவது 0.98 மி.மீ. ஒன்றிலிருந்து 0.98 போனால் 0.02. லீஸ்ட் கவுண்ட் என்று நீங்கள் மனப்பாடம் செய்த எண் இந்தக் கழித்தலில் பிறந்ததுதான். முதன்மை அளவு 24-ஐத் தாண்டி நிற்க, நகரும் அளவின் 17-ஆவது கோடு மேலே உள்ள ஒரு கோட்டோடு நேராகச் சேர்ந்தால், 17-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.34. அளவு 24.34 மி.மீ. இந்த ஒரு அளவை எடுக்கும்போதே கழித்தல், வகுத்தல், பெருக்கல், கூட்டல், தசமம் ஐந்தையும் நீங்கள் செய்துவிட்டீர்கள்.

தசமத்தில் மாணவர்கள் அதிகம் விழும் குழி ஒன்று உண்டு. வரைபடத்தில் 25 ± 0.05 என்று இருக்கிறது. ஜாப்பின் விட்டம் 24.95-க்கும் 25.05-க்கும் நடுவே இருந்தால் பாஸ். டிஜிட்டல் மைக்ரோமீட்டர் 25.048 காட்டுகிறது. 48 என்பது 5-ஐவிடப் பெரிது என்று நினைத்து நல்ல ஜாப்பை ரிஜெக்ட் பெட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு எளிய மருந்து, புள்ளிக்குப் பிறகு எல்லா எண்களையும் ஒரே நீளத்துக்கு எழுதுவது. 25.05-ஐ 25.050 என்று எழுதுங்கள். இப்போது 50-க்குக் கீழே 48, ஜாப் எல்லைக்குள்தான் இருக்கிறது. வாயால் சொல்லும்போதும் "பாயிண்ட் நாற்பத்தெட்டு" என்று சொல்லாமல் "பாயிண்ட் ஜீரோ நாலு எட்டு" என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிப் பழகுங்கள்.

சிஎன்சியில் இந்தப் புள்ளி இன்னும் கண்டிப்பானது. பல கட்டுப்பாட்டு அமைப்புகளில் புள்ளி வைத்து X40. என்று எழுதினால் 40 மி.மீ. புள்ளியை மறந்து X40 என்று எழுதினால் இயந்திரம் அதை 40 மைக்ரான், அதாவது 0.040 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். கருவி போய் சக்கில் மோதினால் சேதம் சிறியதாக இருக்காது. பள்ளியில் சலிப்பூட்டிய இடமதிப்புப் பாடம் இங்கே விலை உள்ள பாடமாகிவிடுகிறது.

டீக்கடையில் கிடைக்கும் பின்னம்

பின்னத்துக்குப் பெங்களூரைவிட நல்ல ஊர் கிடையாது. இங்கே தர்ஷினி என்னும் சிறு உணவகத்தில் நின்றுகொண்டு "ஒன் பை டூ" என்றால் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். மூன்று பேர் போய் "டூ பை த்ரீ" என்றால் இரண்டு டீ மூன்று தம்ளரில் வரும். யாருக்கு அதிகம்? முதல் கூட்டத்தில் ஆளுக்கு அரை டீ, இரண்டாவதில் ஆளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் ஆறு பங்காக எழுதினால் 3/6-ம் 4/6-ம். இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். பொதுப் பகுதி என்று பள்ளியில் சொன்னது இதைத்தான்: ஒரே அளவுத் துண்டாக வெட்டிக்கொண்டு எண்ணுவது.

1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி 2/5 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். விதியைத் திட்டிச் சொல்லித்தருவதைவிட ஒரு கேள்வி கேட்பது நல்லது. அரை டீயோடு இன்னும் கொஞ்சம் டீ சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? 2/5 என்பது பாதியைவிடக் குறைவு. ஆகவே அது விடையாக இருக்கவே முடியாது. 3/6-ம் 2/6-ம் சேர்ந்து 5/6. இப்படி விடையைத் தாமே சந்தேகிக்கத் தெரிந்துவிட்டால் விதியை யாரும் மறக்கமாட்டார்கள்.

கொத்தனாரின் டேப்பிலும் தச்சரின் டேப்பிலும் இஞ்சு இன்னும் போகவில்லை. அந்தக் கோடுகள் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகின்றன: 1/2, 1/4, 1/8, 1/16. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒப்பித்த பிள்ளைகள் 1/320 ஆகிய முந்திரிவரை பின்னங்களை வாயாலேயே கையாண்டார்கள். 3/8 பெரிதா 5/16 பெரிதா என்று தயங்கினால் டேப்பை விரித்து எண்ணுங்கள். 3/8 என்பது ஆறு வீசம், 5/16 என்பது ஐந்து வீசம். ஒரு இஞ்சு 25.4 மி.மீ. என்பதைப் பெருக்கினால் முன்னது 9.5-ஐ ஒட்டியும் பின்னது 8-ஐ ஒட்டியும் வரும். எந்த ஸ்பானர் பொருந்தும் என்பதைப் போட்டுப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சூத்திரம் என்ன சொல்கிறது

லேத்தில் ஸ்பிண்டில் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும்? ஆயிரத்தை வெட்டு வேகத்தால் பெருக்கி, பை (π) என்ற எண்ணையும் விட்டத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். இதை ஒப்பிப்பதற்கு முன் சக்கில் 40 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் கம்பி சுற்றுவதைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு டூலைக் கடந்துபோகும் உலோகம் எவ்வளவு? சுற்றளவுதான்: 3.14-ஐ 40-ஆல் பெருக்கினால் 125.6 மி.மீ. அதிவேக எஃகு டூலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் அது 25,000 மி.மீ. அந்த 25,000-த்துக்குள் எத்தனை 125.6? ஏறக்குறைய 199. ஆக நிமிடத்துக்கு 199 சுற்று. கியர் பாக்ஸில் அதற்குப் பக்கத்தில் உள்ள வேகத்தைப் போடலாம். சூத்திரம் முழுக்க இந்த ஒரு வகுத்தல்தான். ஆயிரம் என்ற எண் மீட்டரை மில்லிமீட்டராக மாற்ற வந்தது.

கம்பி 20 மி.மீ. ஆனால் சுற்று கூடுமா குறையுமா? சுற்றளவு பாதியாகிவிட்டது, அதே 25 மீட்டரைக் கடக்க இரண்டு மடங்கு சுற்ற வேண்டும். எதிர் விகிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கால்குலேட்டரைத் தடை செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். அதைத் தட்டுவதற்கு முன் விடையை உத்தேசமாகச் சொல்லிவிட வேண்டும் என்பேன். 25000 ÷ 3.14 × 40 என்று அப்படியே தட்டினால் மூன்று லட்சத்துக்கு மேல் வரும். கால்குலேட்டர் 40-ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டது. அடைப்புக்குறி போட வேண்டிய இடம் அது. "சுமார் 200 வர வேண்டும்" என்று முன்பே சொன்னவருக்கு அந்த நொடியே பிழை தெரியும். சொல்லாதவர் அதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடுவார்.

குழாயும் ஒயரும் இன்னொரு பாடம் சொல்கின்றன. அரை இஞ்சுக் குழாயைவிட ஒரு இஞ்சுக் குழாயின் விட்டம் இரண்டு மடங்கு. ஆனால் தண்ணீர் போகும் வாய் நான்கு மடங்கு, ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. எலக்ட்ரீஷியன் கேட்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 2.5 என்பது செம்பின் குறுக்குப் பரப்பு, விட்டமில்லை. 2,000 வாட் கீசருக்கு 230 வோல்ட்டில் 2000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஏன் மாட்டக் கூடாது என்பதற்கு இந்த வகுத்தலே காரணம். இங்கே தவறினால் மதிப்பெண் போவதோடு நிற்காது, ஒயர் சூடாகும், வீடு பற்றிக்கொள்ளலாம்.

டர்னர்கள் அஞ்சும் டேப்பர் கணக்கும் அப்படித்தான். பெரிய விட்டம் 40, சிறிய விட்டம் 30, நீளம் 50 மி.மீ. விட்டங்களின் வித்தியாசம் 10. அது மையக்கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிவதால் ஒரு பக்கத்துக்கு 5. 50-க்கு 5 என்றால் 0.1. கோணத்தின் டேன் மதிப்பு 0.1 என்றால் கோணம் 5.71 டிகிரி. காம்பவுண்ட் ஸ்லைடை அந்தக் கோணத்துக்குத் திருப்ப வேண்டும். இங்கே 5.71 என்பதை 5 டிகிரி 71 நிமிடம் என்று படித்துவிடக் கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், 0.71-ஐ 60-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 43. ஆக 5 டிகிரி 43 நிமிடம். ஒன்றரை மணி நேரத்தை ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று நாம் சொல்வதில்லை, இதுவும் அதே கணக்குதான்.

சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்குச் சதவீதத்தில் ஒரு எச்சரிக்கை. 1,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,180. அந்த 1,180-லிருந்து அடிப்படைத் தொகையைத் திரும்ப எடுக்க அதில் 18 சதவீதத்தைக் கழித்தால் 967 ரூபாய் 60 காசுதான் வரும். 1.18-ஆல் வகுத்தால்தான் 1,000 கிடைக்கும். சதவீதம் எப்போதும் ஏதோ ஒன்றின் சதவீதம். அந்த ஒன்று எது என்று முதலில் கேளுங்கள்.

அலகு எழுதாத எண்

1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றில் எரிபொருள் நடுவானில் தீர்ந்துபோனது. தேவைப்பட்டது 22,300 கிலோ. ஒரு லிட்டர் எரிபொருளின் எடையைக் கிலோவில் எடுக்க வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது. கிம்லி என்ற இடத்தில் ஒரு பழைய ஓடுதளத்தில் விமானி அதைச் சறுக்கி இறக்கியதால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அங்கே பெருக்கல் தவறவில்லை, அலகுதான் தவறியது. மில்லிமீட்டரும் இஞ்சும் ஒரே மேசையில் கிடக்கும் பெங்களூர்ப் பட்டறைக்கு இந்தக் கதை மிகப் பக்கத்தில் இருக்கிறது.

அதனால் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் அன்று செய்த ஒரு வேலையை எடுத்து நான்கு வரி எழுதுங்கள்: என்ன அளந்தேன், எந்த அலகில், உத்தேசமாக என்ன வரும் என்று நினைத்தேன், கணக்குப் போட்டபோது என்ன வந்தது. மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் அதில்தான் அன்றைய பாடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். பாடப்புத்தகம் வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் உள்ள தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனமான நிமி, ஐடிஐ பிரிவுகளுக்கான வொர்க்ஷாப் கால்குலேஷன் புத்தகங்களை வெளியிடுகிறது. பாரத் ஸ்கில்ஸ் தளத்திலும் பாடங்கள் கிடைக்கின்றன. விகிதம், சதவீதம், பரப்பு, கோணம் எல்லாம் அதில் உண்டு. இன்று கையில் வந்த கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள்.

பயிற்றுநர்களிடமும் ஒரு வேண்டுகோள். கணக்கு வகுப்பைக் கரும்பலகையில் தொடங்காமல் ஒர்க் பெஞ்சில் தொடங்குங்கள், முடிக்கும்போது கரும்பலகைக்கு வாருங்கள். தப்பான விடை சொன்ன மாணவரை உட்காரச் சொல்வதற்கு முன், அந்த விடை எப்படி வந்தது என்று கேளுங்கள். 25.048-ஐ ரிஜெக்ட் பெட்டியில் போட்டவருக்கு ஒரு தவறான விதி தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் திருத்த ஐந்து நிமிடம் போதும், தெரிந்துகொள்ளாவிட்டால் இரண்டு வருடமும் போதாது. வீட்டில் தமிழும் வகுப்பில் கன்னடமும் வரைபடத்தில் ஆங்கிலமுமாகத் திண்டாடும் பிள்ளைக்குக் கணக்கை அவர் பேசும் மொழியில் ஒருமுறை சொல்லுங்கள்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் கணக்கில் 36 எடுத்தார் என்பது அவருடைய கணக்கறிவின் கடைசித் தீர்ப்பாகாது. பதினெட்டு வயதில், கையில் ஒரு கருவியும் எதற்காகக் கற்கிறோம் என்ற தெளிவும் இருக்கும்போது, பத்து வயதில் புரியாத பின்னம் புரிகிறது. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. டீயை முடித்துவிட்டு ஒரு ஸ்கேலை எடுத்து 2-லிருந்து அளக்கத் தொடங்குங்கள்.